நாற்றம் போன பிறகு

அன்று காலை என் கணவர் குக்கரின் கைப்பிடியை மாற்றிக்கொண்டிருந்தார். பழையது ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. திருப்புளியை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"இன்னிக்கி நான்தான் குழியில எறங்கணும் எழிலு. பம்பு அடைச்சிக்கினு கெடக்குது. நாத்தம் போனப்புறம் எறங்கினா ஒண்ணும் ஆகாதுல்ல?"

நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

"இன்னாடி, ஆபீஸ் பதில் சொல்ற" என்று சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

ஐயா, ஒரே குழியில் ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு பேர் எப்படிச் செத்தார்கள், அதில் எனக்கு என்ன தெரியும் என்று உங்கள் விசாரணைக்காக எழுதித் தரச் சொன்னீர்கள். திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும், தமிழிலேயே எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தால் நீங்கள் இதிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாதபடி எழுதியிருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது.

என் பெயர் எழிலரசி. ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வியாபாரிகளுக்கும், சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கும் கம்பெனி சார்பில் ஆங்கிலத்தில் பதில் எழுதுவது என் பொறுப்பு. என் கணவர் கோதண்டராமன் அதே கம்பெனியில் ஃபிட்டர்.

இதெல்லாம் முதலில் தோலைப் பற்றியதாகத்தான் இருந்தது. ஜெர்மனிக்குப் போன ஒரு லோடில் தோலின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் சரியாக அலசாமல் விட்டதால் வந்த கோளாறு என்று தோல் தொட்ட எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் காஷிஃப் சார் என்னைக் கூப்பிட்டு, "பொய் எழுத வேணாம் மேடம். ஆனா நம்ம மேல வராத மாதிரி எழுதுங்க" என்றார். அவர் அப்படித்தான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார்.

நான் வெகுநேரம் யோசித்து, 'இட் வுட் அப்பியர்' என்று தொடங்கினேன். பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்று பொருள். கப்பலில் வந்த ஈரப்பதம் 'மே பாசிப்ளி' காரணமாக இருந்திருக்கலாம் என்று முடித்தேன். ஜெர்மனிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். காஷிஃப் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அன்று நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நடந்தது என்று எழுதினால், யார் செய்தது என்று கேட்கிறார்கள். நடந்திருக்கக்கூடும் என்று எழுதினால் கேட்பதில்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரிச் சொற்றொடர்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. எந்த இடத்தில் எதைப் போட்டால் படிக்கிறவருக்குக் கோபம் வராது, எதைப் போட்டால் தாமாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார் என்பது பழகப் பழகத் தெரிந்துவிட்டது. நான் எழுதியதில் ஒரு வாக்கியத்தைக்கூடப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. எதுவும் இருந்திருக்கலாம் அல்லவா.

என் கணவரின் தோஸ்த் தனகோடி கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்தார். கேன்டீனில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். "அண்ணி எழுதினா நம்ம குழி நாத்தமே சென்ட் ஆயிடும்டா. ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வையுங்க அண்ணி, ஊட்ல கிட்ட சேர்க்க மாட்டேங்குறா" என்பார். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரும், பதப்படுத்தும் ஆசிட் தண்ணீரும் கழிவாகி வந்து சேரும் இடம் அது. இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். சில நாள் கலந்துவிடும். கலந்தால் விஷவாயு கிளம்பும், அழுகின முட்டை மாதிரி நாறும். அடியில் சேறு தங்கினால் ஆள் இறங்கித்தான் வாரியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் இரண்டு மூடியையும் திறந்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, நாற்றம் போகிறவரை காத்திருப்பார்கள். அவ்வப்போது ஒருவர் குனிந்து மோந்து பார்ப்பார். "போச்சு, எறங்கலாம்" என்பார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பிறந்ததிலிருந்து தோல் நாற்றத்திலேயே இருப்பவர்கள், எந்த நாற்றத்தில் என்ன இருக்கிறது என்று தங்கள் மூக்கு சொல்லிவிடும் என்று நம்பினார்கள்.

தனகோடியும் நாற்றம் போன பிறகுதான் இறங்கினார். குனிந்து ஒரு கூடை சேறு அள்ளினார், அப்படியே முகம் குப்புற விழுந்தார். என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி ஏணி வரை இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து மேலே ஏறிவிட்டார். கொக்கி போட்டுத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தோல் வாங்குகிற கம்பெனியின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். ஜோயா என்று பெயர். பாதுகாப்பு நிபுணர், வயது முப்பதுகூட இருக்காது. நாள் முழுக்கக் குழியருகில் நின்று ஆட்களிடம் பேசிவிட்டு, மாலையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இவங்க டெஸ்ட்டைத் தலைகீழா பண்றாங்க. இந்த கேஸ் கம்மியா இருந்தாதான் நாறும். ஜாஸ்தியானா மூக்கு செத்துடும், ஒண்ணுமே தெரியாது. நாத்தம் போச்சுன்னு எறங்குறாங்களே, அப்பதான் எறங்கவே கூடாது."

நான் அதை முழுவதும் புரிந்துகொண்டேன். இந்த வாக்குமூலத்தில் முக்கியமான வாக்கியம் இது என்று நினைக்கிறேன், அதனால் திரும்ப எழுதுகிறேன். முழுவதும் புரிந்துகொண்டேன்.

காற்றை உள்ளே தள்ளும் புளோயர் வைக்க வேண்டும், வாயு அளக்கும் கருவி வாங்க வேண்டும், அதுவரை குழியை மூட வேண்டும் என்று ஜோயா சொன்னார். குழியை மூடினால் டிரம் நிற்கும். டிரம் நின்றால் முந்நூறு பேருக்கு வேலையில்லை. காஷிஃப் சார் என் அறைக்கு வந்து நின்றார். வழக்கமான வாக்கியத்தைக்கூட அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தனகோடி பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவார். அது உண்மை. ஆகவே, சாவு பற்றிய கம்பெனி அறிக்கையில், இதயக் கோளாறு முன்பே இருந்திருக்கக்கூடும் என்பது 'கெனாட் பி ரூல்ட் அவுட்' என்று எழுதினேன். இல்லை என்று தள்ளிவிட முடியாது என்று பொருள். ஜோயா சொன்னதையும் நான் விட்டுவிடவில்லை. சில சூழ்நிலைகளில் வாசனை என்பது முற்றிலும் நம்பத்தக்க அடையாளமாக இல்லாமல் போகலாம் என்று ஆறாவது பக்கத்தில் எழுதினேன். அது இன்றும் அங்கே இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள்.

குழி மூடப்படவில்லை. தனகோடியின் மனைவி சம்பூர்ணத்துக்கு விபத்து இழப்பீடு இல்லை என்று ஆயிற்று.

துக்கம் முடிந்த வாரம் என் கணவர் என்னிடம் கேட்டார். "நீதான எழுதின. தனகோடிக்கு மெய்யா இன்னா ஆச்சு?"

"பிரஷரா இருக்கலாம்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"ரிப்போர்ட்ல இருக்குது."

அவருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் நான் எழுதுகிறேன் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாராவது கேட்டால், "கம்பெனியே அவ கையிலதான் நிக்குது" என்பார். அப்படிப்பட்டவரிடம், உன் தோஸ்த் வாயுவால் செத்தான், நான் அதை மறைத்தேன் என்று எப்படிச் சொல்வது. அவர் சண்டை போடுகிறவர் இல்லை. சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். பிறகு என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்.

எனவே நான் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை, அந்தக் காலை வரை. தனகோடிக்குப் பிறகு வந்த ஆள் குழியில் இறங்க மாட்டேன் என்று நின்றுகொண்டதால், பம்பை அவிழ்க்க ஃபிட்டரே இறங்க வேண்டியதாயிற்று. அவரும் மூடியைத் திறந்து வைத்தார், நாற்றம் போகட்டும் என்று காத்திருந்தார், மோந்து பார்த்தார். அன்று சீக்கிரமே போய்விட்டதாம். கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

அழுதேனா என்று நீங்கள் கேட்கவில்லை. அழுதேன். அதில் ஒன்றும் போலி இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காஷிஃப் சார் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"மேடம், ரிப்போர்ட்டை வேற யாராவது எழுதட்டும். உங்களால முடியாது. நான் கேக்கவும் மாட்டேன்."

"நானே எழுதுறேன் சார்."

"இந்தத் தடவை கேஸுன்னே போட்டுரலாம் மேடம். முதலாளிகிட்ட பேசிட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும், எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல."

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கம்பெனி என்னைக் கட்டாயப்படுத்தியது என்று பேசிக்கொள்கிறார்கள். இல்லை. அவர் உண்மையை எழுதத் தயாராகத்தான் வந்தார்.

"கேஸுன்னு போட்டா, தனகோடி ரிப்போர்ட் என்னாகும் சார்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"ஒரே குழி. ரெண்டு பேருக்கும் ஒரே காரணம்னு ஆயிடும். அப்ப முதல்ல எழுதினது யாருன்னு கேப்பாங்க."

"அப்ப வேற என்னதான் மேடம் எழுதுறது?"

"அவரு போறதுக்கு முந்தின வாரம் எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்துது சார். பொண்ணை ஹாஸ்டல்ல சேர்க்கிற விஷயமா. ரெண்டு நாள் சரியா சாப்பிடல அவரு. மனசு சரியில்லாம இருந்திருக்கலாம்."

காஷிஃப் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நீங்களே சொல்றீங்கன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்துகொண்டார். நான் கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை.

சண்டை நடந்தது உண்மை. அவர் சரியாகச் சாப்பிடாததும் உண்மை. ஆகவே, இறந்தவர் குடும்பச் சூழல் காரணமாக மன அழுத்தத்தில் இருந்திருக்கக்கூடும் என்றும், அவர் வேண்டுமென்றே ஆபத்தை நாடினார் என்பதற்கான சாத்தியத்தை இந்த நிலையில் முற்றிலும் ஒதுக்க இயலவில்லை என்றும் எழுதினேன். மனைவியே சொன்னதாக வந்தபோது யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இருபது வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர், அந்த இரண்டு வாக்கியத்தில், தானாகப் போய்ச் செத்தவராகிவிட்டார். குழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆங்கிலத்தில் எழுதியது ஆங்கிலத்திலேயே இருந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் என் மாமியாரிடம், "உங்க புள்ளைக்கும் மருமகளுக்கும் இன்னாம்மா தகராறு?" என்று கேட்டுவிட்டார். மாமியார் அன்றே துணியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருந்தா நான் பேசியிருப்பனே, எம்புள்ளகிட்ட" என்று மட்டும் சொன்னார்.

என் மகள் சங்கீதா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அப்பா தானாவா போனாரு? என்னை ஹாஸ்டல்ல சேர்த்த சண்டையாலயா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். இல்லை, அப்பா காலையில் சிரித்துக்கொண்டுதான் போனார், குழியில் வாயு இருந்தது, எனக்குத் தெரியும் என்று. அவள் முகம் எனக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன். "இருக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு விடுமுறைக்கு வருவதில்லை. காரணம் படிப்புச் சுமை என்கிறாள்.

சம்பூர்ணம்தான் விடவில்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள், எட்டாவது வரை படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு பிரஷர்ல செத்தாருன்ன. சரின்னுட்டேன். இப்ப உங்க ஊட்டுக்காரரு மனசு ஒடஞ்சி செத்தாருன்றாங்க. அது இன்னாக்கா, பிரஷர் வந்தவனும் அங்கியே போறான், மனசு ஒடஞ்சவனும் அங்கியே போறான்? ஊர்ல வேற எடமே இல்லியா சாவறதுக்கு?"

"உள்ள வா சம்பூர்ணம்."

"வர்ல. நீ படிச்சவ, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆமாவா, இல்லியா?"

"அப்படி ஒரேயடியா சொல்ல முடியாதும்மா."

"கோதண்டம் அண்ணன் எங்க சாவுல எப்பிடி அழுதாரு தெரியுமா? அந்த மனுசன் போய் வேணும்னு உழுவாரா?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கம்மியாகத்தான் இருந்தது. "நீ எப்பிடிக்கா ஒரே ஊட்ல இருந்த அவரோட" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கொடுத்த மனுவால்தான் நீங்கள் வந்தீர்கள். இரண்டு அறிக்கையையும் அடுத்தடுத்து வைத்து, "ரெண்டும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கேம்மா" என்று கேட்டீர்கள். நான் "இருக்கலாம் சார்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இப்போது நேராகவே எழுதிவிடுகிறேன். தனகோடி விஷவாயுவால் செத்தார். எனக்கு அது ஒரு வாரத்துக்குள் தெரியும். நாற்றம் போன பிறகு இறங்குவதுதான் கொல்கிறது என்பதும் தெரியும். என் கணவர் கேட்டபோது நான் நினைத்தது ரசத்தைப் பற்றி இல்லை. ஆபத்து என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், பிறகு பேச்சு தனகோடி சாவில் போய் நிற்கும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அந்த ஒரு நொடியில் அவர் உயிரையும், அவர் என்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மதிப்பை எடுத்துக்கொண்டேன். நான்தான் அவரைக் கொன்றேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைத்தது, ஆனால் போடவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு அதே வேலையைக் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். என் கணவரின் தம்பி கோபிக்கு அதை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்த பையன், அண்ணி தெய்வம் என்று ஊரெல்லாம் சொல்கிறான். எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். ஃபிட்டருக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். பம்பு, வால்வு, குழி எல்லாம் அவன் பொறுப்பில்தான் வருகிறது. இதுவரை மேலிருந்தே வேலை முடிந்திருக்கிறது.

அவனிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. கொஞ்சம் பயந்த சுபாவம், அண்ணன் மேல் உயிராக இருந்தவன். திடீரென்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வானோ. திங்கட்கிழமை நீங்கள் இதைப் படித்த பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து முறைப்படி தெரிவித்தால் அவனுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. கோபி வழக்கம்போலக் காலை ஷிஃப்டுக்குப் போயிருக்கிறான்.